மீன் தொட்டி: நான் வாங்குன மூணு ஷேப்பும் அப்பா பாத்த பார்வையும்

மண்டபத்துல எங்க தெருவுல இருந்து வடக்க நடந்தா பாக் விரிகுடா, தெக்க நடந்தா மன்னார் வளைகுடா, எந்தப் பக்கம் போனாலும் காலு நனையுறதுக்கு அரை மணி நேரம் ஆகாது. அப்படி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு காசு குடுத்து மீன் வாங்கிட்டு வந்தா, அதுவும் கொழம்பு வைக்க இல்ல, சும்மா வெச்சுப் பாக்கறதுக்குன்னா, வீட்டுல என்ன மரியாதை கெடைக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எங்கப்பா விசைப்படகுல முப்பத்தஞ்சு வருஷமா போறவரு. முத நாள் நான் தண்ணி கட்டுன பிளாஸ்டிக் கவரோட வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப அவர் கேட்டது ஒரே கேள்விதான். "கிலோ என்ன வெல தம்பி?"

அதுல இருந்து ஆரம்பிச்சது. நாலு வருஷத்துல மூணு தொட்டி மாத்தியாச்சு, மூணும் மூணு ஷேப்பு. முத ரெண்டையும் நான் வாங்குனது ஒரே காரணத்துக்குத்தான், பாக்க நல்லா இருந்துச்சு, வீட்டுல எடம் இருந்துச்சு. மீனுக்கு அந்த எடம் ஒத்து வருமான்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அந்த யோசனை வந்தது கடைக்காரர் சொல்லி இல்ல, யூடியூப் பாத்தும் இல்ல, அப்பா ஒரு நாள் கிழிஞ்ச வலையப் பொத்திக்கிட்டே சொன்னதுலதான் வந்துச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல பவுல். பாப்பாவுக்கு அப்ப ஏழு வயசு, ராம்நாட்டுல துணி எடுக்கப் போன எடத்துல ஒரு கடை வாசல்ல வரிசையா கண்ணாடிப் பவுலு, உள்ள நீலக் கல்லு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கோல்டு ஃபிஷ். பாத்ததும் அவ நகரவே இல்ல. கடைக்காரர் "வாரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்துனா போதும்ணே, வேற ஒண்ணும் வேணாம்"னு சொல்லி குடுத்துட்டாரு. பஸ்ஸுல மடியில வெச்சுக்கிட்டே வந்து, டிவி பக்கத்துல வெச்சு, பொங்கப் பானைக்கு ஊத்துற மாதிரி கழுத்து வரைக்கும் தண்ணிய ஊத்துனேன். அங்கயே முத தப்பு.

எங்க பவுல் நடுவுல 10 இன்ச் அகலம், வாய் 6 இன்ச். பாதி வரைக்கும் ஊத்துனா சுமார் 4 லிட்டர் பிடிக்கும், தண்ணியோட மேல்பரப்பு 10 இன்ச் வட்டம். கழுத்து வரைக்கும் ஊத்துனா தண்ணி டபுளாகும், ஆனா மேல்பரப்பு 6 இன்ச் வட்டமா சுருங்கிடும், கணக்குப் போட்டுப் பாத்தா பழைய பரப்புல மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல அவ்ளோதான். ஃபில்டர் ஏர் பம்ப் எதுவும் இல்லாத தொட்டியில மீனுக்கு மூச்சு அந்த மேல்பரப்பு வழியாத்தான், காத்து உள்ள எறங்குறதும் கரியமில வாயு வெளிய போறதும் எல்லாம் அது வழியாத்தான். தண்ணி ஜாஸ்தி ஊத்துனா மீனுக்கு நல்லதுன்னு நெனச்சு நானே ஜன்னலச் சாத்துன மாதிரி ஆச்சு. அது போக நம்ம ஊரு வெயிலு. தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் கொறையும், 20 டிகிரியில ஒரு லிட்டர்ல 9 மில்லிகிராம் கரையும்னா 30 டிகிரியில ஏழரை தான். சித்திரை மாசத்துல எங்க வீட்டுப் பவுல் தண்ணியில விரல வெச்சா வெதுவெதுன்னு இருக்கும், கோல்டு ஃபிஷ்ஷோ குளிர்ந்த தண்ணியில பழகுன ஜாதி.

ஆனா அந்த ரெண்டு மீனும் செத்தது மூச்சுத் திணறி மட்டும்னு சொல்லிட முடியாது. கோல்டு ஃபிஷ் நல்லா திங்கும், நல்லா கழிக்கும், அது கழிக்கிறதுல இருந்தும் செவுள் வழியாவும் அம்மோனியா வந்துக்கிட்டே இருக்கும். பெரிய தொட்டியில ஃபில்டர் இருந்தா அதுல ஒட்டி வளர்ற பாக்டீரியா அந்த அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கி வெஷத்தக் கொறைச்சு விட்டுரும். பவுல்ல ஃபில்டர் மாட்ட எடமே கெடையாது, கவுந்த கண்ணாடியில எந்த கிளிப்பும் நிக்காது. நானோ ஏழு நாளைக்கு ஒருக்கா கல்லோட சேத்து எல்லாத்தையும் சோப்பு போடாத கொறையா தேச்சுக் கழுவுனேன், கொஞ்ச நஞ்சம் இருந்த பாக்டீரியாவும் சாக்கடையோட போச்சு. பதினேழாவது நாள் ஒண்ணு, இருபதாவது நாள் இன்னொண்ணு. ஒழுங்கா வெச்சா பத்து வருஷத்துக்கு மேல வாழ்ற மீனு. பாப்பா அழுதுச்சு, அப்பா ஒண்ணும் சொல்லல, அதுதான் எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு.

இதெல்லாம் பின்னாடி படிச்சப்பத்தான் தெரிஞ்சது, இத்தாலியில ரோம் நகராட்சி 2005லயே கோல்டு ஃபிஷ்ஷ உருண்டைப் பவுல்ல வைக்கக் கூடாதுன்னு விதி போட்டிருக்கு. நம்ம ஊர்ல அத பரிசு குடுக்குறாங்க. இன்னொண்ணு, தண்ணி ரொப்புன உருண்டைப் பவுல் ஒரு லென்ஸு மாதிரி, வெயில் நேராப் படுற ஜன்னல்ல வெச்சா ஒளியக் குவிச்சு பின்னாடி இருக்கற துணியச் சுட்டுடும், வெளையாட்டுக்குச் சொல்லல.

சரி அப்ப வட்டம்னாலே தப்பான்னு கேட்டா, அதுவும் இல்ல, இங்கதான் எனக்கே குழப்பம் வந்துச்சு. எங்க ஊர்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1947ல ஆரம்பிச்சது, அதோட ஹெட் ஆபீஸே முன்னாடி மண்டபம்தான், 1971லதான் கொச்சிக்குப் போச்சு, அந்தப் பெருமை எங்களுக்கு இன்னும் இருக்கு. கோபியான்னு சொல்ற கடல்விரால இந்தியாவுலயே முத தடவையா தொட்டியில குஞ்சு பொரிக்க வெச்சது இங்கதான், 2010ல. அந்தக் குஞ்சுகள கடல்ல கூண்டு போட்டு வளக்குறாங்க, கூண்டு எல்லாம் வட்டம், 6 மீட்டர் விட்டம். ஏன் வட்டம்னா கடல்விரால் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கற மீனு, மூலை இருந்தா போய் முட்டும், வட்டமா இருந்தா சுத்திக்கிட்டே இருக்கும். கரையில இருக்கற வட்டத் தொட்டியிலயும் தண்ணிய சுத்த விட்டா அழுக்கு தன்னால நடுவுல சேந்து அடி வழியா வெளிய போயிரும். சொறின்னு சொல்ற ஜெல்லி மீன அக்வேரியத்துல வெச்சுப் பாக்கறவங்களும் வட்டத் தொட்டிதான் கட்டுவாங்க, அது எதிர்த்து நீந்தத் தெம்பில்லாம தண்ணி போற பக்கம் போறது, மூலையில ஒதுங்குனா பிஞ்சு போயிரும். ஆக வட்டம் வட்டமா இருக்கறது பிரச்னை இல்ல, 6 மீட்டர் கூண்டு எங்க, 10 இன்ச் பவுலு எங்க. அதுல ஓடுற மீன் ஓடிக்கிட்டு இருக்கல, திரும்பிக்கிட்டு இருந்துச்சு.

இத்தனையும் அப்பத் தெரிஞ்சிருந்தா ரெண்டாவது தொட்டிய வாங்கியிருக்கவே மாட்டேன். ராமேஸ்வரத்துல வேலை பாத்த ஃபிரண்டு ஒருத்தன் மாற்றலாகிப் போறப்ப பாதி வெலைக்குத் தந்தான், ஆறு பட்டைத் தொட்டி, அறுகோணம். ஒவ்வொரு பட்டையும் 8 இன்ச், உசரம் 2 அடி, மேல மூடி, மூடியில லைட்டு. ரூம் மூலையில வெச்சப்ப கோயில் விளக்குத்தூண் மாதிரி அவ்ளோ அழகு. வீட்டுக்காரிகூட "இதான் நல்லாருக்குங்க"ன்னு சொன்னா. ஆறு பார்ப், எட்டு ஸீப்ரா வாங்கி விட்டேன், எல்லாம் சுறுசுறுப்பா ஓடுற மீனு.

தொட்டி மொத்தம் 65 லிட்டர். கேக்க நெறையத் தெரியுதுல்ல? ஆனா மேல்பரப்பு ஒரு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். இதே 65 லிட்டர ஒரு அடி உசரத் தொட்டியில ஊத்துனா மேல்பரப்பு ரெண்டு மடங்கு வந்திருக்கும். ஓட்டத்துக்கும் அதே கதைதான், மூலைக்கு மூலை அளந்தா 16 இன்ச். ஸீப்ரா ஒரு விரல் நீளம், கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள எதிர்ப்பக்கக் கண்ணாடி வந்துரும், மறுபடி திரும்பும், மறுபடி கண்ணாடி. உசரம் 2 அடி சும்மா கெடக்கு, ஒரு மீனும் அத மேல கீழ ஏறி எறங்கப் பயன்படுத்தல, எல்லாம் மேல் கால்வாசியில கூட்டமா இடிச்சுக்கிட்டு நின்னுச்சுங்க. மாடி மாடியாக் கட்டி வெச்சு எல்லாரும் மொட்டை மாடியில படுத்த கதை.

அப்புறம் பாசி. பட்டைக் கண்ணாடி ஆறு, மூலையும் ஆறு, கைய விட்டா முழங்கைக்கு மேல நனையும், அப்பயும் அடிக்கல்லு எட்டாது, தோள் வரைக்கும் விட்டா எம்பி ஸ்டூல் மேல ஏறணும், சட்டை நனையும், தண்ணி வழிஞ்சு தரையெல்லாம் ஆகும். ரெண்டு மாசம் கழிச்சு நான் கழுவுறதையே தள்ளிப் போட ஆரம்பிச்சேன். இது முக்கியம்ங்க, தொட்டி வாங்குறப்ப யாரும் இத யோசிக்கறதில்ல, நம்ம கை நீளத்த விட ஆழமான தொட்டி வாங்குனா அத நாம கழுவ மாட்டோம். சாய்ஞ்ச கண்ணாடியோட பட்டை சேர்ற எடத்துல பாத்தா மீன் ஒண்ணு ரெண்டாத் தெரியும், அது வேற, பாப்பா எண்ணி எண்ணி தினம் ஒரு கணக்கு சொல்லுவா.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி கரண்டு போயிருச்சு, காலையில அஞ்சு மணி வரைக்கும் வரல. பம்ப் நின்னுபோச்சு. நான் எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாயத் தண்ணி மட்டத்துல வெச்சு பப்பப்பன்னு அடிச்சுக்கிட்டு இருக்கு. சொம்பால தண்ணிய மோந்து மேல இருந்து ஊத்தி ஊத்தி, கையே வலிச்சுப் போச்சு, விடியுறதுக்குள்ள மூணு பார்ப் போச்சு. ஒசரத் தொட்டியில பம்ப் நின்னா அடித்தண்ணி அடியிலயே கெடக்கும், மேல வந்து மூச்சு வாங்கற எடமோ ஒரு தட்டு அளவு.

மறு சித்திரையில தடைக்காலம் வந்துச்சு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, அப்பா வீட்டுலதான். திண்ணையில வலைய விரிச்சு ஊசியும் நூலுமா ஒக்காந்திருவாரு, ஒக்காந்த எடத்துல இருந்து தொட்டி நேரா தெரியும். ஒரு வாரம் பாத்துட்டு ஒரு நாள் ஊசிய நிறுத்தாமலேயே கேட்டாரு.

"தம்பி, முரல எங்க பாப்ப?"

"மேல."

"ஓரா?"

"தாழைக்குள்ள."

"திருக்கை?"

"மண்ணுல."

"களவா?"

"பாருக்குள்ள, பொந்துல."

"ம்." ஒரு கண்ணிய இழுத்துக் கட்டுனாரு. "அப்பறம் ஏன் முரல கெணத்துல விட்டு வெச்சிருக்க?"

அவ்ளோதான் பேச்சு. தாழைன்னா கடல் புல்லு, பாருன்னா கடலுக்குள்ள இருக்கற பாறைத்திட்டு. அவரு ஸீப்ராவத்தான் முரல்ங்கறாரு, நீளமா ஒல்லியா மேலாக ஓடுற மீனு. நான் அன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு மீனா நெனச்சுப் பாத்தேன், முதுகு நேரா வாய் மேல் நோக்கி இருந்தா அது மேல்தண்ணி மீனு, வயிறு தட்டையா வாய் கீழ இருந்தா அடித்தண்ணி மீனு, உடம்பு அம்பு மாதிரி இருந்தா அதுக்கு ஓட நீளம் வேணும், காரல் மாதிரி ரெண்டு பக்கமும் அமுக்கி உசரமா இருந்தா அதுக்கு உசரம் வேணும். ஏஞ்சல் மீனப் பாருங்க, முதுகுத் துடுப்பும் வயித்துத் துடுப்பும் சேத்து அளந்தா நீளத்த விட உசரம் ஜாஸ்தி, அதுக்கு ஒன்றரை அடி உசரமாவது இருந்தாத்தான் துடுப்பு கண்ணாடியில மடங்காம வளரும். என் அறுகோணத்துல ரெண்டு ஏஞ்சல் விட்டிருந்தாக்கூட ஓரளவுக்கு நியாயம். கெளுத்தி ஜாதி, தரைய மேயுறது, அதுக்கு உசரம் எவ்ளோ இருந்தா என்ன, தரை அகலம்தான் சொத்து. ஃபைட்டர் வேற கதை, அதுக்குத் தலையில காத்துப் பை மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, மேல வந்து வாயால காத்த முழுங்கிட்டுப் போகும், அதனாலதான் சின்ன பாட்டில்லயும் சாகாம கெடக்கு, சாகாம கெடக்கறத வாழறதுன்னு நெனச்சு நாம பாட்டில்லயே விட்டுட்டோம். அதுக்கு ஆழம் வேணாம், ஒரு அடிக்குள்ள தண்ணி, கொஞ்சம் நீளம், மேல கண்டிப்பா மூடி, ஏன்னா நல்லாத் தாவும்.

மூணாவது தொட்டிய ரெடிமேடா வாங்கல. கீழக்கரையில கண்ணாடி வேலை பாக்குற பாய் ஒருத்தர், கடைகளுக்கு ஷோகேஸ் அடிக்கிறவரு, தொட்டியும் ஒட்டுவாரு. நான் "4 அடி நீளம் 2 அடி உசரம்"னு ஆசையாப் போய் நின்னேன். அவரு பென்சில காதுல செருகிக்கிட்டு "தம்பி, தண்ணி நீளத்துக்குத் தள்ளாது, ஆழத்துக்குத்தான் தள்ளும், ஒசரம் ஏத்துனீங்கன்னா கண்ணாடி கனம் ஏறும், காசும் ஏறும், மீனுக்கு என்ன வேணும் அதச் சொல்லுங்க"ன்னாரு. உண்மைதான், அடியில இருக்கற அழுத்தம் உசரத்தப் பொறுத்தது, 3 அடித் தொட்டிக்கும் 6 அடித் தொட்டிக்கும் உசரம் ஒண்ணுன்னா அடியில அழுத்தம் ஒண்ணுதான், நீளம் கூடுனா கண்ணாடி நடுவுல வளையும், அதுக்கு மேல குறுக்குப் பட்டி ஒட்டுனா நிக்கும். கடைசியில முடிவானது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒண்ணேகால் அடி உசரம், 8 எம்எம் கண்ணாடி. ரொப்புனா 150 லிட்டர் சொச்சம். மேல்பரப்பு நாலரை சதுர அடி, அறுகோணத்தோட ஒப்பிட்டா நாலு மடங்கு.

அவர் ஒட்டுறதப் பாக்கணும். ஓரத்த சாணை பிடிச்சு, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, பக்கத்துல பேப்பர் டேப் ஒட்டி, சிலிக்கான ஒரே இழுப்பா இழுத்து, கண்ணாடிய வெச்சு அமுக்கி, வெளிய பிதுங்குனத வெரலால ஒரு தடவ, ரெண்டாவது தடவ வெரல் போகாது. ரூம் பூரா வினிகர் நெடி. "இந்த நெடி வந்தா நல்லது, பாத்ரூமுக்குப் பூஞ்சை புடிக்காதுன்னு ஒண்ணு விக்கிறாங்க பாருங்க, அத மட்டும் மீன் தொட்டிக்குப் போட்டுறாதீங்க, அதுல மருந்து இருக்கு"ன்னாரு. ஒரு வாரம் காய விட்டு, தரையில வெச்சு தண்ணி ரொப்பி ரெண்டு நாள் பழைய பேப்பர அடியில விரிச்சு ஈரம் வருதான்னு பாத்துட்டுத்தான் ஆட்டோவுல ஏத்துனாரு.

ஸ்டாண்டுலதான் நான் மறுபடி கோட்டை விட்டேன். தண்ணி 150 கிலோ, கண்ணாடி மட்டும் 30 கிலோ கிட்ட, கல்லு வேற, 200 கிலோ நிக்கணும். இரும்பு ஆங்கிள்ல ஸ்டாண்டு அடிச்சேன், நம்ம ஊரு உப்புக் காத்து ஒரு வருஷத்துல மூலையெல்லாம் பொரிப் பொரியாக் கெளப்பிருச்சு. ரெட் ஆக்சைடு அடிச்சு மேல எனாமல் அடிச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன், கடலோரத்துல இருக்கறவங்க செங்கல் வெச்சு மேல கடப்பாக்கல்லு போட்டுக்கோங்க, சொன்னாக் கேளுங்க. ரசமட்டம் வெச்சு சமமாப் பாத்து, கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல தெர்மாகோல் அட்டை ஒண்ணு, சின்ன மேடு பள்ளம் இருந்தா அது வாங்கிக்கும்.

தட்டையான கண்ணாடியோட சொகம் கழுவுறப்பத்தான் தெரியும். பழைய ஏடிஎம் கார்டு ஒண்ணு வெச்சிருக்கேன், ஒரு பக்கத்துல வெச்சு இழுத்தா பாசி தோசை மாதிரி சுருண்டு வரும், முழங்கை நனையாம அடி எட்டும், கால் மணி நேரம். வளைஞ்ச கண்ணாடித் தொட்டி வெச்சிருக்கறவங்க இந்தக் கார்டு வித்தையக் காட்ட முடியாது. செவுத்துல போட்டோ மாதிரி மாட்டுற தொட்டி, டீப்பாய்க்குள்ள வெக்கிற தொட்டி எல்லாம் வருது, அதப் பத்தி பேசவே வேணாம், நாலு இன்ச் அகலத்துல மீன் யூ-டர்ன் அடிக்க முடியாது.

இத்தன கடல் பக்கத்துல இருக்கு, கடல் மீனையே வைக்கலாமேன்னு எல்லாரும் கேக்குறாங்க. பாரு பக்கம் போய் பவளத்துலயோ பாறையிலயோ கைய வெச்சா கேஸு, 1986ல இருந்து மன்னார் வளைகுடாவோட 21 தீவும் தேசியப் பூங்கா, பவளமும் கடல்குதிரையும் புலி யானை மாதிரியே வனவிலங்குச் சட்டப் பாதுகாப்புல இருக்கு. ஹேச்சரியில பொரிச்ச க்ளவுன் மீன் வாங்கி வைக்கலாம், அது கடல் சாமந்திய விட்டு எங்கயும் போகாத மீனு, அதுக்கு நீளம்கூட வேணாம், ரெண்டடிக்கு ரெண்டடி சதுரத் தொட்டி போதும். அதுக்கான உப்புக் கணக்கு ஃபில்டர் செலவெல்லாம் பாத்துட்டு நான் ஒதுங்கிட்டேன். நம்ம ஊரு தண்ணி பாதி உவர், மோலியும் கப்பியும் அதுல ஜோரா இருக்கு, எனக்கு அது போதும்.

இப்ப தொட்டியில பன்னெண்டு ஸீப்ரா, ஆறு பார்ப், மோலி எத்தனைன்னு கேக்காதீங்க, குட்டி போட்டுக்கிட்டே இருக்கு. முத நாள் ஸீப்ராவ விட்டப்ப ஒண்ணு அந்தக் கடைசியில இருந்து இந்தக் கடைசிக்கு ஒரே மூச்சுல வந்துச்சு, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னாடியே தானாத் திரும்பிப் போச்சு, பின்னாடியே மத்ததெல்லாம். போன ஐப்பசியில மறுபடி ஒரு ராத்திரி பூரா கரண்டு இல்ல, நான் எந்திரிச்சு சொம்போட ஓடுனேன், ஒண்ணும் ஆகல, எல்லாம் அது பாட்டுக்கு நின்னுச்சு.

அறுகோணத்த வித்துட்டேன், வாங்குனவர்கிட்ட ஏஞ்சல் மட்டும் விடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். பவுல பாப்பா விடல, அதுல குருசடைத் தீவுப் பக்கம் ஒதுங்குன மாதிரி மண்ணும் தாத்தா கொண்டு வந்த ரெண்டு சிப்பியும் போட்டு வெச்சிருக்கா. தாத்தாவோ திண்ணையில வலை பொத்துற எடத்த ரெண்டடி உள்ள தள்ளிப் போட்டுட்டாரு, காத்துக்காகன்னு சொல்றாரு, அங்க காத்தே வராது. இந்தத் தடைக்காலம் முடியறதுக்குள்ள அவர வெச்சு ஸ்டாண்டுக்கு இன்னொரு கோட் ரெட் ஆக்சைடு அடிச்சிரணும்.